இறங்கித் தள்ளு

செஞ்சிக் கடைவீதியில் கீரை விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆயாவை நான் சைக்கிளால் இடித்தபோது எனக்குப் பதினாறு வயது. சொந்த ஊர் தளவானூர். மேல்நிலை வகுப்புக்காகச் செஞ்சியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். பள்ளி விட்டு வரும் வழியில் நெல்மூட்டை ஏற்றிய லாரி பின்னாலிருந்து ஒலி எழுப்பியது. நான் செய்தது அந்த வயதுப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்து, சாக்கடைமேல் போட்டிருந்த சிலாப்பில் ஏறினேன். சிலாப்பின்மேல் ஆயா, அவருக்கு முன்னால் கூடை, கூடைக்கு முன்னால் நான்.

அடி பெரிதில்லை. கீரைக்கட்டுகள் சாக்கடையில் விழுந்தன. ஆயா எழுந்து புடவையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "லாரிக்காரன் உன்ன தொரத்துறான், நீ என்ன தொரத்துற. நான் எங்கடி போவேன், சாக்கடைக்குள்ளயா?"

ரோட்டில் ஓட்டப் பயமாக இருந்தால் சைக்கிள் நடைபாதையில் ஏறலாமா என்று எங்கே யார் விவாதித்தாலும் எனக்கு இந்த ஆயாதான் முதலில் வந்து நிற்கிறார். பெண்ணியம் பேசும் நூலில் சைக்கிள் என்றால் விடுதலையின் வண்டி என்று எழுதிவிட்டு நகர்வது வழக்கம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த வண்டியின் முன்சக்கரம் யார்மேல் ஏறுகிறது என்று எழுதியதில்லை.

நடைபாதை என்ற சொல்லே நம் ஊர்களுக்குப் பாதிதான் பொருந்தும். சென்னையில் பிளாட்பாரம் என்பார்கள். அங்கே நடப்பதைவிட விற்பதும் சமைப்பதும் தூங்குவதும் அதிகம். செஞ்சி போன்ற ஊரில் சாக்கடைக்குப் போட்ட மூடிதான் நடைபாதை. தளவானூரில் அதுவும் கிடையாது. மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த சத்துருமல்லேச்சரம் எங்கள் ஊர்ப் பாறையில் இருக்கிறது. வாயிலுக்கு மேல் மகர தோரணம் செதுக்கிய குடைவரை. அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு வரும் வழியில் நடக்க ஒரு முழ இடமில்லை என்பது காரில் வருவதால் தெரியாது. தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம், பிறகு மண், பிறகு வேலிக்காத்தான் முள். அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் எள்ளையும் பெண்கள் அந்தத் தார்மேலேயே காயப்போட்டு, காலால் கிளறிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். சாலையை வேலைக்களமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். வண்டி வந்தால் ஒதுங்குகிறவர்களும் அவர்களே.

எங்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த சொல் ஒன்றுதான்: "ஓரமா போ." குரங்குப் பெடல் போட்டு அப்பாவின் வண்டியை உருட்டக் கற்ற நாளிலிருந்து கேட்ட சொல். அண்ணனிடமும் அதைச் சொன்னார்கள், லாரிக்காக. என்னிடம் சொன்னபோது அதில் லாரியும் இருந்தது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். பெண்ணுக்குச் சாலையில் இருக்கும் பயம் ஒன்றல்ல. வேகமாக வருகிற வண்டிக்கு ஒதுங்குகிறோம்; மெதுவாக, கூடவே வருகிற வண்டிக்கு இன்னும் ஒதுங்குகிறோம். விபத்துக் கணக்கில் முதல் பயம்தான் ஏறும்.

சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் சைக்கிளும் நடைபாதையும் எதிரெதிரே நின்ற கதை பழையது. இங்கிலாந்தில் நடைபாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்ன நெடுஞ்சாலைச் சட்டம் 1835ஆம் ஆண்டுடையது. பெடல் வைத்த சைக்கிள் பரவுவதற்கு முன்பே எழுதப்பட்டது. மாட்டையும் குதிரையையும் வண்டியையும் நடக்கிறவர் பாதையிலிருந்து விலக்கி வைப்பதற்கான சட்டம் அது. 1888இல் சைக்கிளும் வண்டிதான் என்று இன்னொரு சட்டம் சேர்த்துக்கொண்டது. நூறாண்டு கழிந்து, 1999இல், நடைபாதையில் ஓட்டினால் அந்த இடத்திலேயே அபராதம் என்ற முறை வந்தபோது, உள்துறை இணையமைச்சராக இருந்த பால் போட்டெங் காவல்துறைக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். போக்குவரத்துக்குப் பயந்து சில நேரம் நடைபாதையில் ஏறி, மற்றவர்களை மதித்து ஓட்டுகிறவர்கள் இந்த அபராதத்தின் இலக்கு அல்ல, குறிப்பாகச் சிறுவர்களிடம் நிதானமாக நடந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சட்டம் மாறவில்லை. பயம் என்ற சொல் மட்டும் முதல்முறையாக அதன் ஓரத்தில் எழுதப்பட்டது.

ஜப்பான் வேறு வழியில் போனது. கார்கள் பெருகி விபத்துகள் குவிந்த காலத்தில், 1970இல், குறிப்பிட்ட நடைபாதைகளில் சைக்கிளை அனுமதித்தார்கள். தற்காலிக ஏற்பாடு அப்படியே பழக்கமாயிற்று. முன்கூடையும் பின்னிருக்கையில் குழந்தையுமாக அம்மாக்கள் நடைபாதையில் ஓட்டும் காட்சி அந்த நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அம்மாக்களுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சைக்கிள் மேலே ஏறியதும் சாலை முழுவதும் காருக்கானதாயிற்று. மேலே நடந்துகொண்டிருந்த முதியவர்கள் மணிச்சத்தத்துக்கு ஒதுங்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜெர்மனி வயதைப் பார்க்கிறது: எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை நடைபாதையில்தான் ஓட்டவேண்டும், பத்து வரை ஓட்டலாம், கூடப் போகும் பெரியவருக்கும் 2016 முதல் அனுமதி. இது எனக்கு நியாயமாகப் படுகிறது. குழந்தை இடித்தால் கூடை கவிழும், எலும்பு முறியாது.

நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் மோட்டார் வாகனம் போகக் கூடாது என்றன. மாலை ஆறு மணிக்குக் கடைவீதியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த விதியின் உடல்நலம் தெரியும். பைக் சிலாப்பில் ஏறும்போது யாரும் விவாதிப்பதில்லை. சைக்கிள் ஏறினால்தான் ஒழுக்கம் பற்றிய பேச்சு வருகிறது.

இனி புதுக்கோட்டைக்கு வருகிறேன். சைக்கிளையும் பெண்ணையும் பேசும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பாடம் சொல்லித்தரும் பெண்கள் ஊர் ஊராகப் போகவேண்டுமே, பேருந்து எங்கே இருக்கிறது? கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஒவ்வொருவராகக் கற்றார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் போட்டிகளிலும் காட்சிகளிலும் ஓட்டிக் காட்டினார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். பார் இருப்பதால் குழந்தையை முன்னால் உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். அந்தப் பெண்கள் எங்கே ஓட்டினார்கள்? சாலையில், கூட்டமாக. கேலியும் வசையும் வந்தன. ஆனால் நூறு பேர் சேர்ந்து வரும்போது "ஓரமா போ" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தனியாக ஒருத்தி வரும்போதுதான் ஓரம் என்ற ஒன்று உருவாகிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் பின்னாளில் மேல்நிலை மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. 2006இல் பீகாரும் மாணவிகளுக்குச் சைக்கிள் தந்தது. அந்தத் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று கண்டார்கள். அரசுகள் வண்டி கொடுத்தன. வண்டி ஓட இடம் கொடுப்பதை யாரோ பிறகு பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டன.

இடமில்லை என்றால் என்ன செய்வது? நகரங்களில் அறிவுரை தயாராக இருக்கிறது: நடைபாதையில் ஏறினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. நல்ல அறிவுரை. ஆனால் "இறங்கித் தள்ளு" என்ற இரண்டு சொற்களுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு வரலாறு இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தி பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவாள். ஒருமுறை அவள் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் அவள் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். நான் ஓட்டிக்கொண்டே, "என்னடி, பஞ்சரா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். தெரு முடிந்து சேரிப் பாதை தொடங்கியதும் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். பஞ்சரான டயர் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் இருப்பதற்கும் ஒரு சாதி வேண்டும்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித்துகள் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தும், சைக்கிளை விட்டு இறங்கியும் போகவேண்டியிருந்தது. தெருவுக்கான போராட்டம் நம் நவீன வரலாற்றின் நடுவே ஓடுகிறது. 1924இல் வைக்கத்தில் கேட்கப்பட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமைகூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் நடக்கும் உரிமை. பெரியாரைச் சிறையில் வைத்தபின் நாகம்மையார் அங்கே பெண்களைத் திரட்டினார். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெயர் சொல்லவேண்டிய தேவை இருந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரைச் சாலையில் போகவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. நாங்கள் அந்தத் தெருவில் போனது அதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின்னால்.

ஆகவே சைக்கிள் எங்கே ஓடலாம் என்ற கேள்வியைச் சக்கரத்தையும் வேகத்தையும் மட்டும் வைத்து என்னால் பேச முடியவில்லை. யார் யாருக்காக இறங்குகிறார்கள் என்பதைக் கேட்கவேண்டியிருக்கிறது. என் தோழி இறங்கியது தன்னைவிட வலியவர்களுக்காக, பயத்தால். அதை ஒழிக்கவேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. நான் சிலாப்பில் ஏறியபோது இறங்கியிருக்கவேண்டியது என்னைவிட மெலிந்த ஒருவருக்காக. உட்கார்ந்து கீரை விற்கும் கிழவிக்காக. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "நான் ஏன் இறங்கவேண்டும்?" என்று கேட்கும் துணிச்சலை விடுதலை என்று நினைத்த வயது எனக்கும் இருந்தது.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர் வண்டியே இல்லாதவர் என்னும்போது, அவருக்கென்று இருக்கும் ஒன்றரை முழச் சிலாப்பையும் பங்கு கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தடையற்ற நடைபாதை, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது. ஆயா பதினாறு வயதுப் பெண்ணிடம் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

குழந்தைகள் ஏறட்டும். லாரி முட்டிக்கொண்டு வரும்போது எந்தப் பெண்ணும் ஏறட்டும், அந்த நொடியில் அவளிடம் சட்டம் பேசுகிறவர்களை நான் மதிப்பதில்லை. ஏறியபின் ஆள் இருந்தால் இறங்கித் தள்ளட்டும். ஆனால் அதையே வழியாக்கி, "சைக்கிள்காரர்களுக்குத்தான் நடைபாதை இருக்கிறதே" என்று சாலைபோடுகிறவர்கள் கைகழுவ விடக்கூடாது. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று கொள்கை வகுத்தது. செஞ்சிக்கு அப்படி ஏதும் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை எங்கள் கோட்டையின் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஊடுருவிப் போகிறது. மதிலைத் தாண்டி வண்டிக்கு வழி விடத் தெரிந்த ஊருக்கு ஒரு சைக்கிள் அகலம் தார் ஒதுக்கத் தெரியாதா என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தத் தோழியைப் பார்த்தேன். அங்கன்வாடியில் வேலை, ஸ்கூட்டி வைத்திருக்கிறாள். தயங்கித் தயங்கி அந்தப் பஞ்சரைப் பற்றிக் கேட்டேன்.

"உனக்கு அப்பவே தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இப்ப அந்தத் தெருவுல ஆரன் அடிச்சிக்கிட்டேதான் போறது" என்று சிரித்தாள்.

அவள் மகள் பதினொன்றாம் வகுப்பு, பள்ளியில் கொடுத்த சைக்கிளில் செஞ்சிக்குப் போகிறாள். ரோட்டில் லாரி அதிகமாச்சே, பயமில்லையா என்றேன்.

"பயந்தான். சிலாப்பு மேலயே போவச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

ஆயாவைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.