அலை சொன்ன உண்மை

நிலப்படத்தில் ஒரு பெயர் எழுதப்படுமுன், அதற்காகச் சிலர் தம் உயிரையே பணயம் வைத்திருப்பர். ஆஸ்திரேலியப் பெருநிலத்தையும் தாஸ்மேனியாவையும் பிரிக்கும் பாஸ் நீரிணையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை அவ்விரு நிலங்களும் ஒன்றே என ஐரோப்பியர் பலர் எண்ணினர். அவற்றினிடையே நீர்வழி இருக்கலாம் என ஆளுநர் ஜான் ஹண்டர் ஐயுற்றார். அதனை ஆராயும் பணியை ‘ரிலையன்ஸ்’ கப்பலின் மருத்துவர் ஜார்ஜ் பாஸ் ஏற்றார். 26 வயதே நிரம்பிய அவர், 1797 டிசம்பர் 3ஆம் நாள் ஆறு மாலுமிகளுடன் சிட்னியிலிருந்து புறப்பட்டார். ஒன்பது மீட்டருக்கும் குறைந்த நீளமுடைய திறந்த படகு. ஆறு வார உணவு. அவ்வளவே அவர்தம் செல்வம்.

கரையோரமாகவே படகு தெற்கு நோக்கிச் சென்றது. இன்று கியாமா எனப்படும் இடத்தில், பாறைத் துளையினூடே கடல்நீர் சீறி எழுவதைப் பாஸ் கண்டார். புயல் எழுந்தபோதெல்லாம் ஆளரவமற்ற மணற்கரைகளே அடைக்கலம் தந்தன. மீனும் கடற்பறவையும் கடல்நாயின் இறைச்சியும் உணவாயின.

வில்சன் முனைக்கு அருகே, ஒரு தீவில் புகை எழுந்தது. தப்பியோடிய கைதிகள் எழுவர், தம் தோழர்களாலேயே கைவிடப்பட்டு அங்கே வாடிக்கொண்டிருந்தனர். திரும்பும்போது உதவுவதாகப் பாஸ் வாக்களித்தார், அதனைக் காத்தார். முதியவர் ஒருவரையும் நோயாளி ஒருவரையும் படகில் ஏற்றினார். ஏனைய ஐவருக்கு இடமில்லை. அவர்களைப் பெருநிலத்தில் இறக்கி, துப்பாக்கியும் தூண்டிலும் திசைகாட்டியும் வழங்கி, சிட்னிக்கு வழி கூறினார். அந்த ஐவரை அதன்பின் எவரும் கண்டதாகச் செய்தியில்லை. எழுவரையும் ஏற்றியிருந்தால் படகே மூழ்கியிருக்கும். அறமும் இயலாமையும் நேர்நின்ற வேளை அது!

வெஸ்டர்ன் போர்ட் வரை சென்ற பாஸ், உணவு குறைந்தமையால் திரும்ப நேர்ந்தது. எனினும், தென்மேற்கிலிருந்து உருண்டுவந்த நெடிய அலைகளும் விரைந்தோடிய நீரோட்டமும் அவருக்கு உண்மையை உணர்த்தின. இடையில் நிலம் இருப்பின் அவ்வலைகள் அங்கு வந்திருக்க இயலுமோ? பன்னிரண்டு வாரங்கள் கழித்து, 1798 பிப்ரவரி 25இல் அவர் சிட்னியை அடைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மாத்யூ பிளிண்டர்சுடன் மீண்டும் புறப்பட்டு, தாஸ்மேனியாவைச் சுற்றிவந்து தம் கருத்தை மெய்ப்பித்தார். நீரிணை அவர் பெயர் பெற்றது.

1803இல் பசிபிக் கடலில் பயணம் மேற்கொண்ட பாஸும் திரும்பவில்லை. அவர் ‘கண்டறிந்த’ கரைகளோ பூர்வகுடி மக்கள் பன்னெடுங்காலம் வாழ்ந்த தாயகம். நிலப்படம் ஒருவர் பெயரையே தாங்கும்; துடுப்பு வலித்த அறுவரையும், கரையில் நின்ற ஐவரையும், அந்நிலத்துக்குரிய மக்களையும் சேர்த்து நினைப்பதே வரலாற்றுக் கல்வியாகும்.