பர்மா: இணையம் இல்லாமல் இடம்பெயரும் கோப்புகள்

ஒரு கணினியில் இருக்கும் பெரிய கோப்பை அருகிலுள்ள மற்றொரு கணினிக்கு மாற்றுவது, பெரும்பாலான நாடுகளில் சில நிமிட வேலை. மியன்மார் என்று இன்று அழைக்கப்படும் பர்மாவில் அதற்குள் சட்டமும் நுழைந்தது.

1996 செப்டம்பரில் இராணுவ ஆட்சியாளர்கள் கணினி அறிவியல் மேம்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். பெயரில் மேம்பாடு இருந்தாலும், முன் அனுமதி இல்லாமல் கணினி வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்துபவருக்கு 7 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை என்று அது கூறியது. அதே ஆண்டில், நோர்வே உள்ளிட்ட நாடுகளின் கௌரவத் தூதராகப் பணியாற்றிய ஜேம்ஸ் லியாண்டர் நிக்கோல்ஸ், அனுமதியின்றித் தொலைநகல் இயந்திரங்களையும் தொலைபேசி இணைப்புகளையும் வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டு, காவலில் இருந்தபோதே ஜூன் மாதம் உயிரிழந்தார். ஆகவே, இத்தகைய சட்டங்கள் ஏட்டளவில் மட்டுமே இருக்கும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

தகவல் பரிமாற்றத்தின் வேகமும் இங்கு கவனிக்கத்தக்கது. நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசி வழி இணைப்பில், ஒரு குறுந்தகட்டு அளவான 700 மெகாபைட்டை அனுப்ப 27 மணி நேரத்துக்கும் அதிகமாகும். வீட்டுக்குள் 100 மெகாபிட் ஈதர்நெட் கம்பியால் இரு கணினிகளை இணைத்தால், கணக்கின்படி ஒரு நிமிடம்கூட ஆகாது. ஜிகாபிட் கம்பியில் ஆறு நொடிகள் போதும். கம்பியில்லா வைஃபை வசதியானதுதான், ஆனால் சுவர்களும் தூரமும் அதன் வேகத்தைக் குறைத்துவிடும். பென் டிரைவை நாடுவோருக்கு வேறொரு தடை உண்டு: பழைய ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால், 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பு எதையும் அது ஏற்காது. திருமண வீடியோக்கள் பாதியில் நின்றுபோவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

வீட்டு வலையமைப்புக்கு இணையம் தேவையில்லை என்பதுதான் இதில் முக்கியமான அம்சம். வெளியிணைப்பு துண்டிக்கப்பட்டாலும், மின்சாரம் இருக்கும்வரை ரௌட்டர் வீட்டுக்குள் கோப்புகளைக் கடத்திக்கொண்டே இருக்கும்.

இதன் பொருள் 2021ஆம் ஆண்டில் தெளிவானது. பிப்ரவரி 1ஆம் தேதி ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் சில நாட்களில் ஃபேஸ்புக்கை முடக்கியது. பின்னர் இரவு நேரங்களில் இணையத்தைத் துண்டித்தது. மார்ச் நடுப்பகுதியில் கைபேசி இணையத்தையும், ஏப்ரல் தொடக்கத்தில் கம்பியில்லா அகலக்கற்றையையும் நிறுத்தியது. எஞ்சியது கண்ணாடி இழை இணைப்பு. அது இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையில் பெரும் இடைவெளி உருவானது.

யங்கூனுக்கு எதிரே, பகோ ஆற்றின் மறுகரையில் தமிழர்களும் வாழும் தன்லியின் போன்ற ஊர்களில், இணைப்புள்ள ஒருவர் தரவிறக்கியதை மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்வதே இத்தகைய வேளைகளில் எளிய வழி. இதற்கான பழக்கம் மியன்மாரில் முன்பே வேரூன்றியிருந்தது. ஜாப்யா என்ற சீனச் செயலி அங்கு பெரிதும் பரவியிருந்தது. அதில் ஒரு கைபேசி ஹாட்ஸ்பாட்டாக மாறும், அடுத்தது அதனுடன் இணையும், கோப்பு நேரடியாகக் கைமாறும். தரவுக் கட்டணம் இல்லை. இடையில் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் இல்லை.

ஆனால் இடைத்தரகர் இல்லை என்பதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கோப்பு பெறுபவரின் கருவியிலேயே தங்கிவிடுகிறது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின்னர் படையினர் வீதிகளில் கைபேசிகளை வாங்கிச் சோதித்தது பரவலாகப் பதிவாகியுள்ளது. அழித்ததாகக் கருதப்படும் கோப்பைக்கூட, அந்த இடத்தில் வேறு தரவு எழுதப்படும்வரை பல கருவிகளிலிருந்து மீட்டெடுக்க முடியும்.

2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி விபிஎன் சேவை வழங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. வெளியுலகுடன் பேசும் வழிகள் இவ்வாறு குறுகக் குறுக, பக்கத்து வீட்டுக் கணினியின் முக்கியத்துவம் அங்கு அதிகரிக்கிறது.