குந்திப் படிக்க ஓர் எடம்

"படிக்கிற புள்ளைக்கு இன்னாடா வேணும்?" என்று எங்கம்மா ஒருநாள் கேட்டுச்சு. நான் எம்.ஏ. தமிழ் சேர்ந்திருந்த நேரம். ஃபீஸ் கட்டணும், புத்தகம் வாங்கணும், பஸ்ஸுக்கு வேணும் என்று அடுக்கினேன். "அதெல்லாம் எப்பிடியாச்சும் பாத்துக்கலாம். குந்திப் படிக்க எடம் எங்கடா?" என்றது அம்மா. காலனியில் தொகுப்பு வீடு. ஒரே அறை, அஞ்சு பேர். கரும்பு வெட்டிவிட்டு வந்து படுக்கிற ஆளுக்கு விளக்கு எரிந்தால் தூக்கம் வராது. தூங்காத ஆள் மறுநாள் கத்தி பிடிக்க முடியாது. என் படிப்புக்கும் அவர்கள் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது.

கல்லூரி நூலகம் இருக்கிறதே என்று நம்பிப் போனேன். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுவார்கள். எனக்கு வகுப்பும் பத்து மணிக்கு. ஊருக்குப் பஸ் நாலரைக்கு. அதை விட்டால் ஏழு மணிவரை ரோட்டில் நிற்க வேண்டும். வகுப்பில் இருக்கும்போது திறந்தும், வகுப்பு விட்டபின் பூட்டியும் கிடக்கிற ஓர் இடத்தை யாருக்காகக் கட்டினார்கள் என்று அன்றைக்கு எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை.

உயர்கல்வியில் நூலகத்தின் பங்கு மாறிக்கொண்டே வருகிறது என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். மாறியிருப்பது உண்மை. சேரிப் பக்கம் நின்று அந்த மாற்றத்தைப் பார்த்தால் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

1812இல் எல்லிஸ் துரை, கம்பெனி அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்றுக்கொடுக்கச் சென்னையில் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை ஏற்படுத்தினார். சுவடிகளைத் தேடிச் சேர்த்த காலம் அது. துரை ஒருவரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச் சுவடியை எல்லிஸுக்குச் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். பட்லர் வேலை பார்த்த நம் ஆள் வீட்டில் ஏடு இருந்தது. அதன் அருமை தெரிந்தவரும் அந்த வீட்டில் இருந்தார். இன்றைக்கு நம் பிள்ளைகள் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தால் 'முதல் தலைமுறை' என்று நெற்றியில் ஒட்டி விடுகிறார்கள். பட்டத்துக்கு நாம் முதல் தலைமுறையாக இருக்கலாம், தோழர்களே. ஏட்டுக்கு நாம் முதல் தலைமுறை அல்ல.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்தது. அப்போது அது தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கிற ஓர் அலுவலகம். பாடம் நடத்தாத இடத்துக்கு நூலகம் எதற்கு? கர்சன் காலத்தில் வந்த 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம்தான் கற்பித்தலும் ஆய்வும் பல்கலைக்கழகத்தின் வேலை, அதற்கு நூலகமும் வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கியது. 1907இல் நூலகம் தொடங்கியது. கன்னிமாரா நூலகக் கட்டடத்தில்தான் வெகுகாலம் ஒண்டுக்குடித்தனம். 1924இல் மாநிலக் கல்லூரிக் கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன் முதல் நூலகராக வந்தார். லண்டன் போய்ப் படித்துத் திரும்பி, அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். நூல்கள் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு. வாசகர் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். இப்படி ஐந்து விதிகளை 1931இல் நூலாகவே எழுதினார். 1936இல் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழும்பியது. அவருடைய முயற்சியில் பிறந்த 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். 1957இல் யூஜிசி அமைத்த நூலகக் குழுவுக்கும் அவரே தலைவர். புத்தகத்தைக் காவல் காக்கிற இடம், ஆளைத் தேடிப் புத்தகம் கொடுக்கிற இடமாக மாறியது. பெரிய மாற்றம்தான், மறுக்க முடியாது.

அதே 1907. அதே சென்னை. ஜூன் 19ஆம் தேதி இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அயோத்திதாசர் 1914இல் மறையும்வரை வாரந்தோறும் அதில் எழுதினார். வரலாறு, பௌத்தம், குறள் உரை, மருத்துவம், அரசியல் என்று எதையும் விடவில்லை. பல்கலைக்கழகம் நூலகம் தொடங்கிய ஆண்டிலேயே நம் பண்டிதர் காலணா விலையில் ஒரு பல்கலைக்கழகத்தையே அச்சடித்து வீதிக்கு அனுப்பியிருக்கிறார். அந்த ஏடுகளைக் காப்பாற்றியது யார்? கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த நம் சனங்கள் நடத்திய பௌத்த சங்கங்கள், அங்கே அவர் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை, அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் வீட்டு அலமாரி. கல்லூரிகளில் தமிழிலக்கிய வரலாறு நடத்தியவர்கள் அவர் பெயரைச் சொல்லாமலே பல தலைமுறைகளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள். 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளாகப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. 1907இலிருந்து கணக்குப் போட்டால் 92 வருசம்.

அந்தத் தொகுதிகளைத் தேடித்தான் 2011இல் எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். ரங்கநாதன் திறந்துவிட்ட அலமாரியை எங்கள் கல்லூரியில் திரும்பப் பூட்டி வைத்திருந்தார்கள். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். முறையான நூலகர் கிடையாது, ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று இந்த இதழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "காலனிங்க சார்" என்றேன். "சிலபஸ்ல இல்லாத புக்கு உனக்கு எதுக்கு? போயி பாடத்தப் படி" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

நூலக உதவியாளர் அண்ணன் ஒருத்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சாப்பாட்டு வேளையில், "தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். இரண்டு தொகுதியும் இருந்தன. 2002 என்று கல்லூரி முத்திரை. பின்னட்டையில் தேதி போடுகிற சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு தேதிகூட இல்லை. ஒன்பது வருசமாக ஒருத்தரும் எடுத்துப் போகவில்லை. எடுக்க ஆள் இல்லாமல் இருந்ததா, கேட்ட ஆளுக்கெல்லாம் என்னிடம் சொன்ன பதிலையே சொன்னார்களா, தெரியாது. அந்த வெள்ளைச் சீட்டில் முதல் தேதி விழுந்தது எனக்காக. அண்ணன் தம் பெயரில் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது விதி. அந்த வாசகரை வாசலிலேயே நிறுத்திச் சாதி கேட்டால் என்ன செய்வது என்பதற்கு விதிகளில் இடமில்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1913இல் கொலம்பியாவுக்கு அவரை அனுப்பியது பரோடா மன்னரின் உதவித்தொகை. அந்தப் பரோடாதான் 1910இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்து மைய நூலகம், ஊர்தோறும் நூலகம் என்று இந்தியாவுக்கே முன்னோடியாக நின்ற சமஸ்தானம். 1917இல் அண்ணல் அங்கே வேலைக்குத் திரும்பியபோது தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறி பம்பாய்க்குத் திரும்பியதை அவரே எழுதியிருக்கிறார். ஊர் நிறைய நூலகம் வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்கள் பரோடாவை நினைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் அவருடைய புத்தகப் பெட்டிகளை ஏற்றி வந்த கப்பலும் போரில் மூழ்கியது.

பிறகு 1920இல் மறுபடி லண்டன். பிரிட்டிஷ் மியூசிய வாசகசாலையில் காலையில் திறக்கும்போது நுழைந்து, மூடும்போது எழுந்துவந்தவர். 1930களில் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டினார். 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. வேலைக்குப் போகிற பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அங்கே வகுப்புகளைக் காலை நேரத்தில் வைத்தார். தாம் சேர்த்த புத்தகங்களையும் அந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தார். புத்தகத்தை மட்டும் கொடுக்காமல் நேரத்தையும் இடத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். எங்கம்மா கேட்ட கேள்வி அண்ணலுக்குப் பட்டுத் தெரிந்த கேள்வி.

அரசு என்ன செய்தது? 1978-79இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்காகப் புத்தக வங்கித் திட்டம் வந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான விலை கூடிய புத்தகங்களை ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று பேர் என்று பகிர்ந்து படிக்கலாம். நல்ல திட்டம். பொறியியல் படித்த என் நண்பன் ஒருவன் அப்படி வாங்கிய புத்தகத்தில் முத்திரை இருந்த பக்கத்தை அட்டையோடு சேர்த்து ஒட்டி வைத்திருந்தான். வகுப்பில் 'எஸ்.சி. புக்கு' என்று கிண்டல் செய்வார்களாம். உரிமையாக வந்த புத்தகத்தையும் ஒளித்துப் படிக்கிற நிலைமை. தமிழ் படித்த எனக்கோ ஒட்டி மறைக்கவும் ஒரு புத்தகம் கிடைக்கவில்லை.

இப்போது நூலகம் திரைக்குள் வந்துவிட்டது. ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று யூஜிசி 2009இல் விதி போட்டது. 'சோத்கங்கா'வில் அவற்றை யாரும் படிக்கலாம். 2010இல் வந்த 'என்-லிஸ்ட்' மூலம் கல்லூரி மாணவருக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசம். சீட்டு எழுத வேண்டாம். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று திரை கேட்பதில்லை. இந்த மாற்றத்தை நான் கொண்டாடவே செய்கிறேன்.

ஆனால் என் அக்கா மகள் படிக்கிற கல்லூரியில் என்-லிஸ்ட் கடவுச்சொல் இருப்பதையே பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நூலகத்துக் கம்ப்யூட்டர்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குப் போனால் கூடவே போய்விடும். போன வாரம் அவள் சொன்னாள்: "புக்கெல்லாம் போன்லயே இருக்குது மாமா. குந்திப் படிக்கத்தான் எடமில்ல." நடுவில் ஒரு தலைமுறை போய்விட்டது. கேள்வி அப்படியே நிற்கிறது.

கட்டணம் கட்டி ஏ.சி. அறையில் படிக்கிற இடங்கள் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன. காசுள்ள பிள்ளைக்கு அது போதும். நம் பிள்ளைக்குக் கல்லூரி நூலகம்தான் மேசை, விளக்கு, மின்விசிறி, சத்தமில்லாத இரண்டு மணி நேரம். எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது, நூலகத்துக்கு இனி எதற்குச் செலவு என்று யாராவது பேசினால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. கடைசி பஸ் நேரம்வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். அலமாரிகளைத் திறந்துவிட வேண்டும். முறையாகப் படித்த நூலகரைப் போட வேண்டும். கடவுச்சொல்லைச் சேர்க்கை நாளிலேயே கையில் கொடுக்க வேண்டும். அயோத்திதாசரும் அண்ணலும் நம் சிற்றிதழ்களும் கண்ணாடிக்கு வெளியே கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

கல்லூரிகளுக்குக் கூட்டம் பேசப் போகிற தோழர்கள், மேடைக்குப் போகும் முன்பு நூலகத்துக்குள் ஒருமுறை போய்வாருங்கள். எத்தனை மணிக்குப் பூட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். நம் புத்தகம் ஒன்றை எடுத்து அந்தத் தேதிச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். அது வெள்ளையாக இருந்தால், அன்றைய கூட்டத்தில் அதைப் பற்றியே பேசுங்கள்.