கைக்குழந்தையின் மூச்சிரைப்புக்கு எந்த ‘கேஸ்’?

லிங்கி தோட்டப்புறத்திலும் கைக்குழந்தைக்கு மூச்சிரைத்தால் ‘கேஸ்’ வைக்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால், நெபுலைசரில் ஊற்றும் மருந்தெல்லாம் ஒன்றல்ல.

இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு வரும் புரோன்கியோலைட்டிஸ் பெரும்பாலும் ஆர்எஸ்வி கிருமியால் வருவது. சிறு மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்கிறது. ஆஸ்துமாவைப் போல் தசை இறுகுவது இங்கே முக்கியக் காரணமல்ல. அதனால் சல்புடாமோல் பெரிதாக உதவுவதில்லை. மூத்த பிள்ளையின் ஆஸ்துமா மருந்தைக் கைக்குழந்தைக்கும் வைப்பது வீண் வேலை. நெஞ்சுத் துடிப்பும் கூடும். வார்டில் இருக்கும் நாள்களை அட்ரினலினும் குறைப்பதில்லை. இரண்டுமே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் அறிவித்தது. 3 விழுக்காட்டு உப்புநீர் சளியை இளக்கக்கூடும், அதுவும் வார்டில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கே.

பால் குடிப்பது பாதியாகக் குறைந்தால், விலா உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால் உடனே போர்ட்டிக்சன் அல்லது சிரம்பான் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே முதலில் தேவைப்படுவது ஆக்சிஜனாக இருக்கலாம்.