தோட்டமே வேடம் கட்டிய கூத்து

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில், நாலந்தாவுக்கு முன்னால் வருவது பலாபத்வல. 19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர்கள் மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியே நடந்து ஏறத்தாழ இதே தடத்தில்தான் மாத்தளையை அடைந்தார்கள். நோயும் பசியும் பலரை வழியிலேயே கொன்றன. 2023 ஆம் ஆண்டு, அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 16 நாட்கள் மக்கள் நடந்தார்கள்.

கையில் அதிகம் ஏதுமின்றி வந்தவர்கள் தம்மோடு கதைகளைக் கொண்டு வந்தார்கள். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, எல்லாவற்றுக்கும் மேலாகக் காமன் கூத்து.

இன்று இணையத்தில் முகம் அறியாத பலர் ஒரே கற்பனை உலகுக்குள் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையை வளர்க்கிறார்கள். இதன் வரலாற்றை எழுதுவோர் 1974 இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலும், 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் உருவாக்கிய கணினி விளையாட்டிலும் தொடங்குவார்கள். மலையகத் தமிழனுக்கு அந்தக் கருத்து புதிதல்ல.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று முதல் தோட்டமே கதைக்குள் நுழைந்துவிடும். நேர்த்திக்காக வேடம் கட்டுவோர் உண்டு. ஆண்களே ரதியாகவும் ஆடுவார்கள். தப்பு முழங்க ரதியும் மதனும் லயம் லயமாக வருவார்கள். இறுதி இரவில் தக்கன், இந்திரன், ஓலைத் தூதன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொருவராகத் தோன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகும் மதன் எரிந்து சாம்பலாவான். ரதியின் ஒப்பாரிக்கு, சுற்றி நிற்கும் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். எரிந்தவன் பின்னர் உயிர்பெறுவதோடு கூத்து நிறைவுறும்.

இதில் மேடை இல்லை. தோட்டம் முழுவதுமே களம். பார்ப்பவர்களும் கதைக்குள் இருக்கிறார்கள். மாத்தளை வடிவேலன் போன்றோர் இக்கலைகளைப் பதிவு செய்திராவிட்டால் நம்மில் பலருக்கு இவை தெரிந்தே இருக்காது.

கூத்து சாதியைக் கடந்து நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். தப்படிப்பது யார் என்பதைப் பெரும்பாலும் சாதியே தீர்மானித்தது. ஆயினும், துரையின் பேரேட்டில் வெறும் பெயராகவும் எண்ணாகவும் இருந்தவன் அந்த ஓர் இரவு இந்திரனாக நின்றான். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் மீண்டும் கூலியாளானான். அந்த இரவை எந்தக் கங்காணியாலும் பிடித்தம் செய்ய முடியவில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 நாடாளுமன்ற இடங்களை வென்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தமும் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இந்தக் கணக்கில் கூத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு குடும்பம் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ புறப்பட்டபோது, அதனுடன் ஒரு ரதியும் ஒரு தூதனும் புறப்பட்டுப் போயிருக்கக் கூடும். கூட்டாக வாழும் கதைக்கு நூலைவிட ஆட்கள் முக்கியம். பாட்டைத் தாளில் எழுதி வைக்கலாம். எந்த இடத்தில் யார் குரல் எடுப்பார், யார் பதில் சொல்வார் என்பது மனிதர்களிடையேதான் இருக்கிறது.

குடியுரிமைச் சிக்கலுக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் பெருமளவு தீர்வு தந்தது. நாடற்றவர்கள் என்று ஏடுகளில் எழுதப்பட்ட காலத்திலும், மாசி மாதந்தோறும் அவர்கள் தமக்கென ஓர் உலகை ஊன்றி நிறுத்தினார்கள் என்பதை அந்த வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும்.