60 பின் கேசட்

கலிஃபோர்னியாவில் மவுன்டன் வியூ என்ற ஊரில் கணினி வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஆபீஸ் வேலையாகப் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை அங்கே கழிந்தது. மணிச்சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 1962இல் எம்ஐடியில் எழுதிய ஸ்பேஸ்வார் ஆட்டம் ஓடிய பிடிபி-1 வகைக் கணினி ஒன்றைப் பழுதுபார்த்து இன்னும் இயக்குகிறார்கள். நான் நின்றுவிட்டது பாங் பெட்டியின் முன்னால்.

அடாரிக்காக ஆலன் அல்கார்ன் 1972இல் செய்த முதல் மாதிரி அது. சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் வைத்தார்களாம். கொஞ்ச நாளில் மெஷின் ரிப்பேர் என்று போன் வர, போய்த் திறந்து பார்த்தால் காசு நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சொல்லும் கதைதான். எனக்குப் பிடித்தது வேறு. பாங்கில் பிராசஸர் கிடையாது. ஒரு வரி புரோகிராம்கூடக் கிடையாது. பந்து, மட்டை, ஸ்கோர் எல்லாமே லாஜிக் சிப்புகளைக் கோத்துச் செய்த மின்சுற்று. திரை, கடையில் 75 டாலருக்கு வாங்கிய ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டிவி. கோடு ஓடவில்லையே என்று தினமும் புலம்புகிறவனுக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

நான் முதலில் தொட்ட பெட்டி மட்டும் அங்கே கண்ணில் படவில்லை.

அது பட்டினப்பாக்கத்தில், சீனிவாசபுரம் பக்கம் ஒரு அண்ணன் நடத்திய வீடியோ கேம் கடையில் இருந்தது. நாலு டிவி, நாலு பெட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு ரூபாய். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள் அவை. கேசட்டின் மேல் 9999999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே மரியோவும் கான்ட்ராவும் பெயர் மாறி மாறி வரும்.

அசலில் பிராசஸர் ஒரு சிப், படம் வரைய இன்னொரு சிப். தொண்ணூறுகளில் நகல் செய்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, மேலே கறுப்புப் பிசினை ஒரு சொட்டு விட்டு மூடிவிட்டார்கள். அந்தச் சொட்டுக்குள் இருந்தது, 1975இல் 25 டாலருக்கு வந்து சந்தையையே கலைத்த 6502இன் வாரிசு. ஆப்பிள் 2இல் இருந்தது அதே 6502. 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கணினிக் கல்வி கொண்டுவந்தபோது கொடுத்த பிபிசி மைக்ரோவிலும் அதுவே. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஐஐடிக்கு 1973இலேயே ஐபிஎம் 370/155 வந்துவிட்டது. சென்னையின் கணினி வரலாறு என்றால் அங்கிருந்துதான் பேச ஆரம்பிப்பார்கள். துளை அட்டையோடு வரிசையில் நின்றவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. ஒரு ரூபாயோடு வரிசையில் நின்றவர்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் குப்பத்துக்குள் கணினி வந்தது அந்தக் கறுப்புச் சொட்டாகத்தான்.

கேசட் ஓடவில்லையென்றால் ஊதுவோம். அண்ணன் திட்டுவார். வாயின் ஈரம் பட்டு பின் கறுத்துப்போகும் என்பார். ஏற்கெனவே கடல் காத்து வேறு. தன் பள்ளிக்கூட ரப்பரை எடுத்து 60 பின்னையும் ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். ஹார்டுவேர் பராமரிப்பில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். பிறகு நான்கு வருடம் கல்லூரியில் படித்ததில் இவ்வளவு உருப்படியாக ஒன்றும் நினைவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கடை திறந்திருந்தது. தண்ணீர் வந்தபோது உள்ளே இருந்த பையன்களை இழுத்துக்கொண்டு அண்ணன் ரோட்டுப் பக்கம் ஓடினார். பையன்கள் பிழைத்தார்கள். கடை இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவரைப் பார்க்கப் போனேன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். போனில் பாங் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மரப்பெட்டி கணக்கா கீது. இதையா கண்ணாடி போட்டு வெச்சிக்கிறானுங்க?"

"ஆமாண்ணா. முதல் பெட்டி இது."

"காசு போட்ற ஓட்டை எங்க?"

காட்டினேன். காசு அடைத்துக்கொண்ட கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நம்மளுது அப்டி ரொம்பல தம்பி. நாலு டிவியும் தவணைக்கு எட்த்தது. தண்ணி இஸ்துகினு போனப்போ ரெண்டு தவணை பாக்கி. அதையும் கட்டிட்டேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சவாரி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.