பிரித்தானிய மேலாதிக்கத்தின் தளர்ச்சி: கொழும்பு தரும் சான்று

பேரரசு ஒன்றின் வீழ்ச்சியை ஒரு போரோடோ ஒரு நாளோடோ இணைத்துக் கூறுதல் பொதுவழக்கு. ஆயின் மேலாதிக்கம் என்பது படைவலி, நாணயம், மூலதனம், நீதி அதிகாரம் ஆகிய பல கூறுகளால் ஆயது. அவை ஒருங்கே மறைவதில்லை. பிரித்தானியாவின் தளர்ச்சியைக் கொழும்பிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகும்.

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கீழைக் கடற்பாதையிற் கொழும்பு சிறப்பிடம் பெற்றது. 1875இல் தொடங்கிய அலைதடுப்பணை வேலை 1885இல் நிறைவெய்தியது. கப்பல்கள் நிலக்கரி பெறும் துறையாகவும், மலையகத் தேயிலையை ஏற்றுமதி செய்யும் துறையாகவும் நகரம் வளர்ந்தது. தேயிலைத் தோட்டங்களில் மட்டுமன்றி, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலும் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையிலும் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்தனர். பேரரசின் செல்வம் அவர்தம் தோள்களில் ஏறியே கடல் கடந்தது.

முதலில் ஆட்டங்கண்டது படைவலியே. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே கோண்வோல், டோசெற்சயர் என்னும் போர்க்கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் மூழ்கடிக்கப்பட்டன. பிரித்தானியக் கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. காவலன் எனக் கருதப்பட்டவன் காக்க இயலாதவன் என்பதை நகர மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

போர் முடிந்தபோது பிரித்தானியா கடனாளி நாடாயிருந்தது. ஐக்கிய அமெரிக்காவிடம் 375 கோடி டொலர் கடன் பெற்றது. தான் ஆண்ட நாடுகளுக்கே பணம் கொடுக்கவேண்டிய நிலையையும் அடைந்தது. 1949இல் பவுணின் பெறுமதி 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைக்கப்பட்டது. இலங்கை ரூபாவும் உடன் தாழ்ந்தது. 1950இல் தோன்றிய இலங்கை மத்திய வங்கியின் முதல் ஆளுநர் யோன் எக்ஸ்ரர் இலண்டனிலிருந்து வந்தவரல்லர். அமெரிக்கர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1952இல் இலங்கை தன் றப்பருக்கு மாற்றாகச் சீனாவிடம் அரிசி பெற உடன்படிக்கை செய்தது.

1948இல் ஆட்சி கைமாறியது. எனினும் 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி படைத்தளங்கள் பிரித்தானியரிடமே இருந்தன. 1956இல் சுயெஸில் மேற்கொண்ட படையெடுப்பு அமெரிக்காவின் நிதி நெருக்குதலால் முடங்கியது. அடுத்த ஆண்டே திருகோணமலை, கட்டுநாயக்கா தளங்கள் இலங்கைக்கு மீண்டன. தோட்டக் கம்பனிகளின் மூலதனமோ 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் வரை நிலைத்தது. கொடி இறங்கி இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னரே மூலதனம் விலகியது.

இத்தளர்ச்சியின் சுமையை ஏற்றவர் யார் என்பதே வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினா. விலகிய வல்லரசு தன் தளங்களையும் முதலீட்டையும் பேணிக்கொண்டது. தன் தோட்டங்களுக்கெனக் கொணர்ந்த மக்களின் உரிமைக்கோ உறுதியான காப்பு எதனையும் வைத்திலது. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. இதனை எதிர்த்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அம்மன்று சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. நீதி வழங்கும் அதிகாரம் இலண்டனில் எஞ்சியிருந்தது. அதனால் அம்மக்கள் பெற்ற பயன் யாதுமில்லை.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரு அரசுகள் பங்கிடும் தொகையாகவே கண்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேயாம்.

வல்லரசுகள் தளர்வது வரலாற்றின் இயல்பு. அத்தளர்ச்சியை விடுதலை எனக் கொண்டாடுதலும் நியாயமே. ஆயினும் ஒரு வல்லரசின் கணக்கு முடிந்தது என எழுதுமுன், அது விட்டுச் சென்ற கடனை எவர் இறுத்தனர் என்பதையும் எழுதுதல் வரலாற்றாசிரியர் கடனாகும்.